மின்தடையும் வன்தட்டும்: மூணாறு மலைப்பகுதியில் கணக்கேடுகளைக் காக்கும் முறை

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் அமைந்தது. முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு 1940-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு அங்கு மின் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் அந்நிலையத்தின் திறன் 37.5 மெகாவாட்டாக உயர்ந்தது. அதே ஆற்றைச் சார்ந்து செங்குளம், நேரியமங்கலம் நிலையங்கள் எழுந்தன. 1976-இல் பெரியாற்றின் மீது இடுக்கி நிலையம் இயங்கத் தொடங்கியது. மாநிலத்தின் பல பகுதிகளுக்கு ஒளியூட்டும் இம்மாவட்டத்தில், பருவமழை வலுக்கும் நாட்களில் வீடுகளும் அலுவலகங்களும் இருளில் மூழ்குவது புதுமையன்று. மின்சாரம் பிறக்கும் இடத்திலிருந்து அதைப் பயன்படுத்தும் இடத்திற்குக் கொண்டு செல்லும் கம்பிகள், காட்டையும் சரிவையும் தேயிலைக் காட்டையும் கடந்தே செல்ல வேண்டியிருப்பது இதற்குக் காரணமாகும்.

முற்காலத்தில் மின்சாரம் நின்றால் விளக்கு அணையும்; மீண்டும் வந்தால் எரியும். அவ்வளவே. இன்று நிலைமை வேறு. தோட்ட அலுவலகத்தின் செக்ரோல், கொழுந்து எடைக் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்தின் கடன் கணக்கு, ஊராட்சியின் பதிவேடுகள், பள்ளியின் சேர்க்கைப் பதிவு, அக்ஷயா மையத்தில் தங்கியிருக்கும் விண்ணப்பங்கள் யாவும் கணிப்பொறியின் வன்தட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், இடம் பெற்றுவிட்டன. முப்பதாண்டு கொழுந்து பறித்த ஒரு தொழிலாளிக்குரிய பணிக்கொடை, அவர் பணியாற்றிய ஆண்டுகளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அந்த ஆண்டுகளுக்குச் சான்று கூறும் ஏடு அழிந்தால் அவருக்கு நேரும் இழப்பு, ஒரு வன்தட்டின் விலையைவிடப் பன்மடங்கு பெரிது.

மின்தடை தானாக விளைவிக்கும் சேதம் பல வேளைகளில் சிறியதே. மின்சாரம் திரும்பியபின் பதற்றத்தில் செய்யப்படும் காரியங்களே அதனைப் பெரிதாக்கிவிடுகின்றன. ஆகவே, எது நிகழ்ந்தது என்பதை அறிந்து, எதை முதலில் செய்வது, எதைச் செய்யாதிருப்பது என்னும் வரிசையைக் கைக்கொள்ளுதல் இன்றியமையாததாகும்.

மலையும் மின்சாரமும்

தென்மேற்குப் பருவமழையின்போது, சூன் முதல் செப்டம்பர் வரை, காற்றில் மரங்கள் சாய்வதாலும் மண் சரிவதாலும் மின்கம்பிகள் அறுகின்றன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையையே அழித்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பாதைகள் துண்டிக்கப்பட்டு மூணாறு தனித்து நின்றது. கோடை மழைக் காலமாகிய ஏப்ரல், மே மாதங்களிலும், துலாவர்ஷம் எனப்படும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் அதிகம். பிற்பகல் முதல் முன்னிரவு வரையிலான பொழுதே இதில் அபாயமானது.

மின்தடை என்று பொதுவாகக் கூறப்படுவதில் பல வகைகள் அடங்கியுள்ளன. மின்சாரம் முற்றிலும் நின்றுவிடுவது ஒன்று. 230 வோல்ட்டாக இருக்க வேண்டிய மின்னழுத்தம் தாழ்ந்து விளக்கு மங்குவது மற்றொன்று. சில நிமிடங்களுக்குள் பலமுறை நின்று நின்று வருவது மூன்றாவது. நின்ற மின்சாரம் திரும்பும் கணத்தில் அழுத்தம் திடீரென எழுவது நான்காவது. நியூட்ரல் கம்பி அறுந்துபோவதால், 230 வோல்ட் இருக்க வேண்டிய இணைப்பில் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் பாய்வது ஐந்தாவது. மின்னல் இவையனைத்திலும் கொடியது. அது மின்கம்பி வழியே மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பி, இணையக் கம்பி வழியாகவும் கணிப்பொறிக்குள் புகும்.

முதலாவது வகை பெரும்பாலும் எழுதிக்கொண்டிருந்த செய்தியைக் குலைக்கும். பிற்கூறிய வகைகள் மின்சுற்றையே எரிக்கக் கூடியவை. எனவே, நிகழ்ந்தது எவ்வகை என்பதை அறிதல் பழுதைத் தேடுவதில் முதற்படியாகும். அண்டை வீட்டில் விளக்கும் தொலைக்காட்சியும் எரிந்துபோயினவா, அல்லது வெறுமனே மின்சாரம் நின்று வந்ததா என்று கேட்டறிதலே இதற்குப் போதுமானது.

வன்தட்டின் அமைப்பு

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதைப்போல் இலட்சக்கணக்கான மடங்கு செய்தியைத் தாங்குகிறது. ஆயினும் அடிப்படை முறை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு, நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன்மீது எழுது தலை தட்டைத் தொடாமல், சுழற்சியால் எழும் காற்றின்மீது மிதக்கிறது. தலைக்கும் தட்டுக்கும் இடையேயுள்ள வெளி சில நானோமீட்டரே. மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பு அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது.

தலை காற்றில் மிதப்பதால் மலையின் உயரமும் இங்கே பொருட்படுத்தத் தக்கது. சாதாரண வன்தட்டுகள் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கத் தக்கவையாகச் செய்யப்படுகின்றன. மூணாறு நகரம் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆனைமுடிச் சிகரமே 2,695 மீட்டர்தான். ஆகவே, உயரத்தால் தட்டு கெடும் என்னும் அச்சத்திற்கு இங்கு இடமில்லை. ஈரம் அவ்வாறன்று. காற்று புகுந்து வெளியேற இவ்வகைத் தட்டுகளில் வடிகட்டியுடன் கூடிய சிறு துளை உண்டு. மழைக்காலத்தில் தரையில், சுவரோரம் வைக்கப்பட்ட கணிப்பொறியில் இணைப்பு முனைகள் பாசம் பிடித்துத் தொடர்பு கெடுவதுண்டு. மின்தடையின்மேல் பழி போடப்படும் கோளாறுகள் சிலவற்றின் மூலம் இந்த ஈரமேயாகும்.

மின்சாரம் அறும் கணத்தில்

மின்சாரம் திடீரென நின்றால் சுழலும் தட்டின்மீது தலை விழுந்து உராயும் என்று பலர் எண்ணுகின்றனர். தற்காலத் தட்டுகளில் இதற்குப் பாதுகாப்பு உண்டு. மின்சாரம் அற்றதும், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தானே ஒரு சிறு மின்னாக்கியாக மாறுகிறது. அந்த மின்சாரத்தைக் கொண்டு தலை தட்டிலிருந்து விலகித் தன் ஓய்விடத்தை அடைகிறது. ஆயினும் இது அவசரகால ஏற்பாடு. முறையாக நிறுத்தும்போது நிகழ்வதைவிட வேகமாகவும் கடுமையாகவும் தலை இழுக்கப்படுகிறது. அடிக்கடி இவ்வாறு நிகழ்ந்தால் தேய்மானம் மிகும். மின்சாரம் நின்று நின்று வருவது ஒரேயடியாக நிற்பதைவிடத் தீங்கானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இயந்திரப் பகுதி தப்பினாலும் எழுதப்பட்ட செய்தி தப்பும் என்பதற்கு உறுதியில்லை. கணிப்பொறியில் 'சேமி' என்று ஆணையிட்ட உடனே செய்தி தட்டில் பதிந்துவிடுவதில்லை. முதலில் அது கணிப்பொறியின் நினைவகத்தில் தங்குகிறது. பின் தட்டிலுள்ள சிறு நினைவகத்திற்குச் செல்கிறது. அதன் பிறகே காந்தப் பரப்பை அடைகிறது. இதற்குச் சில விநாடிகளிலிருந்து அரை நிமிடம் வரையும் ஆகலாம். அதற்குள் மின்சாரம் நின்றால், இடைவழியில் இருந்தது மறைந்துவிடும்.

இதனைச் சமாளிக்கத் தற்காலக் கோப்பு முறைகள் பழைய கணக்கப்பிள்ளைகளின் வழக்கத்தையே பின்பற்றுகின்றன. கணக்கப்பிள்ளை வரவு செலவை முதலில் சிட்டாவில் குறிப்பார். பின்னர் பேரேட்டில் ஏற்றுவார். ஏற்றும்போது இடையில் எழுந்து செல்ல நேர்ந்தாலும், திரும்பி வந்து சிட்டாவைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். விண்டோஸில் உள்ள என்.டி.எஃப்.எஸ். முறையும், கேரளப் பள்ளிகளில் 'கைட்' அமைப்பு வழங்கும் லினக்ஸில் உள்ள எக்ஸ்ட்4 முறையும் இத்தகைய சிட்டாவை வைத்துள்ளன. மின்தடைக்குப் பின் இவை தாமே சரிசெய்துகொண்டு எழுவது இதனாலேயே. ஆனால், இச்சிட்டாவில் பெரும்பாலும் குறிக்கப்படுவது கோப்பின் பெயர், இடம், அளவு போன்றவையே, கோப்பின் உள்ளடக்கமன்று. ஆகையால், கணிப்பொறி நலமாக எழுந்துவிட்டது என்பதனால் அன்றைய கணக்கும் முழுமையாக உள்ளது என்று முடிவு செய்துவிடலாகாது. கடைசியாகப் பதிந்த வரிகளைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். சாதாரண பென் டிரைவ்களில் உள்ள ஃபேட் முறைக்கு இந்தச் சிட்டா வசதியும் இல்லை.

மின்சாரம் திரும்பியதும்

மின்சாரம் நின்றவுடன் கணிப்பொறியின் சுவிட்சை அணைத்து, செருகியையும் பிடுங்கிவிடுவது நலம். திரும்பும் கணத்தில் எழும் அதிக அழுத்தத்திலிருந்து இது காக்கும். மின்சாரம் வந்தபின் பத்து நிமிடமேனும் பொறுத்து, விளக்கு மங்காமல், மிகையாக ஒளிராமல் நிலையாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின்னரே கணிப்பொறியை இயக்க வேண்டும்.

எழவில்லையெனில் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது பெருந்தவறு. காயமுற்ற தலை ஒவ்வொரு சுழற்சியிலும் தட்டின் பரப்பைச் சுரண்டக் கூடும். முதல் முயற்சியில் தப்பியிருக்கக் கூடிய கணக்குகள் பத்தாவது முயற்சியில் தூளாகிப் போகும். ஒருமுறை இயக்கி, காதால் கேட்டு, திரையில் வந்த சொற்களைத் தாளில் குறித்துக்கொண்டு நிறுத்துதல் வேண்டும்.

குறிகளும் காரணங்களும்

விளக்கு எரியாமல், விசிறி சுழலாமல் கணிப்பொறி முற்றிலும் மௌனமாயிருந்தால், பழுது பெரும்பாலும் வன்தட்டில் இல்லை. மின்சாரத்தைப் பகிரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலேயே இருக்கும். அதை மாற்றினால் கணிப்பொறி இயங்கலாம். எனினும், எரிந்துபோன பெட்டி தட்டுக்கும் தீங்கு செய்திருக்கக் கூடுமாதலால், புதிய பெட்டியுடன் முதலில் தட்டை இணைக்காமல் இயக்கிப் பார்ப்பது முறை.

கணிப்பொறி இயங்கியும் தட்டைக் காணவில்லை என்று திரை கூறினால், முதலில் கம்பிகளைப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, தட்டின் இரு இணைப்புகளையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருக வேண்டும். இயன்றால் வேறொரு கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருந்தால், மின்சாரம் நிற்கும்போது கணிப்பொறி தன் அமைப்புகளை மறந்துவிடும். நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருப்பது இதன் அடையாளம். எந்தத் தட்டிலிருந்து எழுவது, தட்டோடு எம்முறையில் பேசுவது என்னும் அமைப்புகளும் இதனோடு மாறிவிடுவதால் விண்டோஸ் எழ மறுக்கும். தட்டில் ஒரு குறையும் இராது. சில ரூபாய் விலையுள்ள மின்கலத்தை மாற்றி அமைப்புகளைத் திருத்தினால் போதும். இதை அறியாமல் தட்டை அழித்து மென்பொருளைப் புதிதாக நிறுவுவோரும் உளர். பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்ட கணிப்பொறி இத்தகைய மாற்றத்தின்பின் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை முன்பே தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

மின்சாரம் பாய்ந்தும் தட்டு சிறிதும் சுழலவில்லையெனில், அதன் அடியிலுள்ள மின்சுற்றுப் பலகை பழுதடைந்திருக்கலாம். அதிக அழுத்தத்தைத் தான் ஏற்றுத் தட்டைக் காக்கும் சிறு டயோடு எரிந்திருப்பதும் உண்டு. அதே மாதிரித் தட்டு ஒன்றின் பலகையைக் கழற்றிப் பொருத்தினால் சரியாகும் என்னும் கருத்து பழைய தட்டுகளுக்கு ஓரளவு பொருந்தியது. தற்காலத் தட்டுகளில் அந்தந்தத் தட்டுக்கே உரிய அளவீடுகள் பலகையில் பதிக்கப்பட்டுள்ளன. ஆகையால் இவ்வேலையைத் தேர்ந்தவரிடம் விடுவதே தக்கது.

'டக், டக்' என்று சீராக ஒலி கேட்டால் தலை தன் இடத்தைக் காண இயலாமல் தடுமாறுகிறது என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். எந்த மென்பொருளும் இதைச் சீராக்காது. தூசியற்ற அறையும் கருவிகளும் உள்ள மீட்பு நிலையத்திற்கே இதை அனுப்ப வேண்டும். மேல்மூடியைத் திறந்து பார்ப்பது, பெட்டியைத் தட்டுவது, குளிர்பெட்டியில் வைப்பது ஆகியவை எஞ்சியிருப்பதையும் அழிக்கும்.

ஒலி யாதுமின்றித் தட்டு சுழன்று, 'ஃபார்மட் செய்யவா' என்று கணிப்பொறி கேட்பதும் உண்டு. இதற்கு ஒருபோதும் இசைதல் கூடாது. கோப்புகளின் பொருளடக்கம் குலைந்துள்ளது என்பதே அதன் பொருள். கோப்புகள் பெரும்பாலும் தட்டிலேயே இருக்கும்.

தட்டு தரும் தன்னறிக்கை

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' என்னும் வசதி உண்டு. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களால் இதைப் படிக்கலாம். 5 என்னும் வரிசை, பழுதடைந்து மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197 என்பது படிக்க இயலாமல் ஐயத்தில் நிறுத்தப்பட்டவை. 198 என்பது சரிசெய்ய இயலாதவை. 199 கூடிவந்தால் தட்டைவிடக் கம்பியையே ஐயுற வேண்டும். பல தட்டுகளில் 192 என்பது, தலை அவசரமாக இழுக்கப்பட்ட தடவைகளைக் காட்டும். ஓர் அலுவலகத்தின் மின்சாரம் எத்துணை ஒழுங்கற்றது என்பதற்கு இவ்வெண்ணே சான்று.

மின்தடைக்குப் பின் 197-இல் சிறு எண் தோன்றினால் தட்டு மடிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. எழுதும்போது மின்சாரம் நின்றதால் பாதி எழுதப்பட்ட பகுதியாக அது இருக்கலாம். நகல் எடுத்தபின் அப்பகுதியில் மீண்டும் எழுதினால் அது நேராகிவிடும். ஆனால், நாள்தோறும் இவ்வெண் ஏறுமாயின், தட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது.

நகல் முன்னே, பழுதுபார்த்தல் பின்னே

தட்டு படிக்கத் தக்கதாயிருக்கும் வரை முதற்கடமை நகல் எடுப்பதே. பழுதுநீக்கும் மென்பொருள்கள் தட்டின்மீது எழுதுகின்றன. விண்டோஸின் 'செக்டிஸ்க்' கட்டளை, துணைச்சொல் எதுவும் இன்றி இயக்கினால் பார்த்து அறிக்கை மட்டும் தரும். 'எஃப்' சேர்த்தால் திருத்தும். 'ஆர்' சேர்த்தால் தட்டின் ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்க்கும். நலிந்த தட்டுக்கு இது பெருஞ்சுமையாகும். உரிமையிடம் தெரியாத துண்டுகளை இது 'ஃபவுண்ட்' என்னும் உறையிலும், லினக்ஸில் உள்ள இதன் இணையான கட்டளை 'லாஸ்ட் அண்டு ஃபவுண்ட்' என்னும் உறையிலும் இட்டுவைக்கும். கோப்பு முறை நேராகும். ஆனால் கோப்பின் பெயரும் இடமும் போய்விடலாம். நகல் இல்லாத நிலையில் இவற்றை இயக்குவது, ஒரே ஒரு பிரதியுள்ள ஏட்டின்மேல் திருத்தம் எழுதுவதற்கு ஒப்பாகும்.

நகல் எடுப்பதற்குப் பென் டிரைவிலிருந்து எழும் லினக்ஸ் உதவும். பழுதான தட்டிலுள்ள விண்டோஸை எழுப்பாமலே கோப்புகளை வேறு தட்டுக்கு மாற்றலாம். அப்போது முதலில் எடுக்க வேண்டியவை கணக்குகளும் பதிவேடுகளுமே. மறுபடி நிறுவத்தக்க மென்பொருள்களை விட்டுவிடலாம். படிக்கும்போது தட்டு திணறினால், ஜி.என்.யு. திட்டத்தின் 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருள் உகந்தது. எளிதில் படிக்கத் தக்க பகுதிகளை அது முதலில் எடுத்துக்கொண்டு, கடினமானவற்றைப் பின்னர் முயல்கிறது. இடையில் மறுபடி மின்சாரம் நின்றாலும், தன் குறிப்பேட்டைக் கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. மீட்கப்படும் செய்தியைப் பழுதான தட்டிலேயே எழுதுதல் கூடாது.

நகல் கைக்கு வந்தபின், பழுதுநீக்கத்தை அந்த நகலின் மற்றொரு பிரதியில் செய்து பார்க்கலாம். டேலி போன்ற கணக்கு மென்பொருள்களில் சிதைந்த கணக்கைச் செப்பனிடும் வசதி உண்டு. அதற்கு முன்னும் நிறுவனத்தின் கணக்கு உறை முழுவதையும் படியெடுத்துக்கொள்ள வேண்டும். செப்பனிட்டபின், மின்தடைக்கு முந்தைய நாளின் மொத்தத்தோடு இருப்பை ஒப்பிட வேண்டும்.

திடநிலைத் தட்டு

எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைத் தட்டில் சுழலும் பகுதி இல்லை, தலையும் இல்லை. அதனால் மின்தடை அதனை ஒன்றும் செய்யாது என்று கருதுவது தவறு. செய்தி எந்த இடத்தில் உள்ளது என்பதற்கான அட்டவணையை அது ஓயாது மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. அவ்வேளையில் மின்சாரம் அறுந்தால் அட்டவணை சிதைந்து, தட்டு முழுவதுமே கண்ணில் படாமல் போகக் கூடும். பெரிய நிறுவனங்களுக்கான திடநிலைத் தட்டுகள் சிலவற்றில், மின்சாரம் நின்றபின்னும் எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் உள்ளன. மலிவான தட்டுகளில் பெரும்பாலும் இவை இல்லை. சுழல் தட்டு கெடுமுன் ஒலியாலும் தாமதத்தாலும் எச்சரிக்கை செய்வதுண்டு. திடநிலைத் தட்டு பல வேளைகளில் எச்சரிக்கையின்றி நின்றுவிடுகிறது. ஆகவே, இதனை வாங்கியோர் நகல் எடுப்பதில் மேலும் கவனம் செலுத்த வேண்டும்.

தடுப்பு முறைகள்

யு.பி.எஸ். கருவியின் நோக்கம் மின்சாரமில்லாத பொழுது முழுவதும் வேலை செய்வதன்று. கணக்கை மூடிக் கணிப்பொறியை முறையாக நிறுத்த அவகாசம் தருவதேயாகும். பத்து நிமிடம் போதும். கருவியைக் கணிப்பொறியோடு யு.எஸ்.பி. கம்பியால் இணைத்தால், ஆள் இல்லாத வேளையிலும் அது தானே நிறுத்திவிடும். இதன் ஈய அமில மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். பருவமழைக்கு முன், மே மாதத்தில், செருகியைப் பிடுங்கி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று சோதித்துக் குறித்துவைத்தல் நல்ல பழக்கம். சோதனையின்போது கணக்குகளைத் திறந்து வைத்திருத்தல் கூடாது.

வீட்டு இன்வெர்ட்டர் எப்போதும் இதற்கு ஈடாகாது. கணிப்பொறியின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி ஏறத்தாழ 16 மில்லி விநாடி மட்டுமே மின்சாரமின்றித் தாங்கும். இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகுமானால் கணிப்பொறி அணைந்தெழும். யு.பி.எஸ். முறைக்கு மாற்றும் பொத்தான் இருப்பின் அதில் வைக்க வேண்டும்.

எர்த் இணைப்பு செம்மையாக இல்லாவிடின், மிகை அழுத்தத்தைத் தடுக்கும் கருவிகள் பயன் தரா. பாறை மிகுந்த மலைநிலத்தில் இது எளிதன்று. மின்பணியாளரைக் கொண்டு ஆண்டுக்கொருமுறை அளந்து பார்த்தல் வேண்டும். இடி முழங்கும்போது மின்செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். இவற்றை இடி தொடங்குமுன்னரே செய்ய வேண்டும்; மின்னல் வெட்டும்போது கம்பிகளைத் தொடுவது உயிருக்கு ஆபத்து.

மலைக்கு அப்பால் ஒரு நகல்

மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. மலைப்பகுதியில் இந்த 'வேறிடம்' என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் பலியாயின. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். மின்சாரம், பாதை, தொலைபேசி, கட்டடம் ஆகிய அனைத்தையும் ஒரே இரவில் இழக்கக் கூடிய நிலத்தில், அடுத்த அறையிலோ அடுத்த தெருவிலோ உள்ள நகல், நகலாகாது. போடிமெட்டைக் கடந்து போடிநாயக்கனூரிலோ, மலையிறங்கி அடிமாலிக்கு அப்பாலோ ஒன்று இருத்தல் வேண்டும். இணையம் சீராக உள்ள நாட்களில் இணையக் கிடங்கிலும் ஒன்று வைக்கலாம். வெளியே செல்லும் நகல் பூட்டுச்சொல்லால் காக்கப்பட வேண்டும். அதில் இருப்பவை மக்களின் பெயரும் வங்கிக் கணக்குமாதலால், இது விருப்பத்தைப் பொறுத்ததன்று.

நகல் எடுத்த வெளித்தட்டை வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். இணைத்தபடியே விடப்பட்ட நகல், மூலத் தட்டை எரித்த அதே மின்னலால் எரியும். மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அவ்வாறு திறந்து பார்க்கப்படாத நகலை நம்பியிருத்தல் தகாது. வாரந்தோறும் கணக்கின் மொத்தத்தை ஒரு தாளில் அச்சிட்டுக் கையொப்பமிட்டு வைத்தால், செப்பனிட்ட கணக்கைச் சரிபார்க்க அது அளவுகோலாகும்.

2018 வெள்ளத்தில் கேரளத்தில் எண்ணற்ற குடும்பங்கள் சான்றிதழ்களை இழந்தன. அவற்றை மீண்டும் வழங்க மாநில அரசு தனி முகாம்கள் நடத்தியது. 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கர் வசதியும் இதற்குத் துணைநின்றது. வழங்கும் அலுவலகத்தில் மூலப்பதிவு காக்கப்பட்டிருந்தால் மட்டுமே இழந்த சான்றிதழை மீண்டும் தர இயலும் என்பது இதிலிருந்து விளங்கும்.

செய்யத் தக்கவை

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. சிறிய யு.பி.எஸ். ஒன்று, வெளித்தட்டுகள் இரண்டு, ஒரு பென் டிரைவ், ஒரு குறிப்பேடு ஆகியவை சிற்றூர் அலுவலகத்தாலும் இயலும். கடினமானது பொறுப்பு வகுத்தலே. இன்று எழுத்தர் ஒருவர் செய்யும் நகல் வேலை, அவர் மாறுதலாகிச் சென்றதும் நின்றுவிடுகிறது. ஒவ்வோர் அலுவலகத்திலும் இருவர் பெயரை இதற்கெனக் குறித்து, நகல் எடுத்த நாளைக் குறிப்பேட்டில் எழுதி, தணிக்கையின்போது அதனையும் பார்க்கும் வழக்கம் ஏற்பட வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுக்கொன்று நகல் காப்பிடமாக இருக்கலாம். மூணாற்றுச் சங்கத்தின் தட்டு சமவெளிச் சங்கத்தின் பெட்டகத்திலும், அதன் தட்டு இங்கும் இருக்கத் தடையில்லை. முதுவர் மக்கள் வாழும் இடமலைக்குடி 2010-இல் தனி ஊராட்சியாக ஆக்கப்பட்டது. பழுது பார்ப்பவர் வந்து சேர்வதற்கே நாளாகும் அத்தகைய காட்டுப் பகுதிகளில், உள்ளூர் இளைஞர் இருவருக்கு மேற்கூறிய படிமுறைகளில் பயிற்சி அளித்தல் பயன் மிக்கது.

நகரில் தட்டு கெட்டால் ஒரு நாளில் மாற்றிக்கொள்ளலாம். மழையில் பாதை மூடிய மலையில் அது வாரக்கணக்காகும். அதுவரை கூலிப் பட்டியலும் கடன் கணக்கும் காத்திருக்கும். எனவே, மின்தடைக்குப் பின் முதலில் நிறுத்துதல், அடுத்துக் காரணத்தைப் பிரித்தறிதல், அதன்பின் நகல் எடுத்தல், இறுதியில் பழுதுபார்த்தல் என்னும் நான்கு படிகளையும் ஒரு தாளில் எழுதிக் கணிப்பொறியின் அருகே ஒட்டி வைத்தல் வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன் ஒவ்வோர் அலுவலகமும் செய்து முடிக்கத் தக்க எளிய பணி இதுவே.